வாசனை பார்க்கும் கதவு

காட்டின் ஓரத்தில் ஒரு நாவல் மரம். அதன் வேரடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள் வெள்ளச்சி என்ற வெள்ளெலி. அவளுக்கு மூன்று குட்டிகள். புருஷன் இல்லை. தினைக் கொல்லைக்குப் போனவனை ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வெள்ளெலிகள் வீடு பூட்டும் விதமே தனி. கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் மண்ணைத் தள்ளிக் குவித்து, முதுகால் முட்டி, வாசலை அடைத்துவிடுவார். வெளியே போனவர் திரும்பி வந்ததும் பின்னங்காலால் தரையைத் தட்டுவார். அந்தத் தட்டலைக் கேட்டு, நம் ஆள்தான் என்று தெரிந்த பிறகே உள்ளே இருப்பவர் மண்ணை விலக்குவார். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போக, ஒருவர் காக்க. வெள்ளச்சிக்கு அந்த இரண்டாவது ஆள்தான் இல்லாமல் போனான்.

பாவம், அவள் என்ன செய்வாள்? குட்டிகளை உள்ளறையில் விட்டு, அந்த அறை வாயை மண்ணால் அடைப்பாள். வெளிவாசலையும் வெளியே நின்றபடி மூடிவிட்டுப் போவாள். வெளியிலிருந்து மூடியதை வெளியிலிருந்து திறக்க முடியாதா? அந்தப் பக்கம் ஒரு சாரைப்பாம்பு வேறு சுற்றிக்கொண்டிருந்தான். கொல்லையில் கதிரைக் கொறித்தால் அவள் நினைப்பெல்லாம் வளையில் இருக்கும். அரை வயிற்றோடு ஓடி வந்துவிடுவாள். பால் வற்றியது. குட்டிகள் மெலிந்தன. கடைக்குட்டி பொட்டுவுக்கு விலா எலும்பு தெரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அணில் வரியன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். அவன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

"இன்னும் மண்ணைத் தள்ளிக்கிட்டா இருக்கே அக்கா? காடு எங்கேயோ போயிட்டுது! மேல்கிளையில இருக்கிற முசுறு எறும்புங்க நமக்கு ரொம்ப வேண்டியவங்க. இலையோட இலை சேர்த்துத் தைச்சு உன் வாசலுக்குக் கதவு போட்டுத் தருவாங்க. அவங்களே காவலும் நிப்பாங்க. உன் உடம்பு வாசனை தெரிஞ்சா கதவு தானா திறக்கும். வேற யாரு வந்தாலும் கடிதான். நீ நிம்மதியா கொல்லைக்குப் போய் வயிறாரத் தின்னுட்டு வா."

வெள்ளச்சி யோசித்தாள். காவல்காரர்கள் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். முசுறு முறை வைத்து நிற்கும், தூக்கம் என்ற பேச்சே இல்லை என்றான் வரியன். சரி தம்பி, உன் வீட்டுக்கு இந்தக் கதவு போட்டிருக்கிறாயா என்று கேட்டாள்.

"எனக்கெதுக்கு அக்கா? நான் மரத்து மேல இருக்கிறவன்" என்று சிரித்தான் வரியன்.

அந்தச் சிரிப்பில் அவள் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆனால் பொட்டுவின் விலா எலும்பு அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. சரி என்றுவிட்டாள். எறும்புகளுக்கு விழுந்த நாவல் பழம், வரியனுக்கு ஒரு பிடி தினை என்று பேச்சு முடிந்தது.

கதவு வந்தது. பச்சை இலைக் கதவு, ஓரமெல்லாம் சிவப்பு எறும்பு. வெள்ளச்சி பக்கத்தில் வந்தாலே எறும்புகள் மோந்து பார்த்து, இழுத்துத் திறந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, நல்ல கதவுதான். சாரை முதல் நாளே வந்து மூக்கை நீட்டினான். முசுறுகள் கண்ணோரத்தில் பாய்ந்து கடித்ததில், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி சத்தம் காட்டாமல் புதருக்குள் போய்விட்டான். வெள்ளச்சிக்குப் புருஷன் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. குட்டிகள் தேறின.

பொட்டுவுக்கு அந்தக் கதவு என்றால் உயிர். பகலெல்லாம் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கும். கதவு அசைந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். திறக்கிற அந்த நொடியில் ஓடி வந்து வெள்ளச்சியின் கழுத்தில் முட்டும். அந்த முட்டலுக்காகவே அவள் கொல்லையிலிருந்து வேகமாக வருவாள்.

நிம்மதி வந்தால் கூடவே அசட்டையும் வரும். முன்பெல்லாம் அவள் உள்ளறை வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போவாள் அல்லவா? இப்போது விட்டுவிட்டாள். வாசலில் ஒரு படையே நிற்கும்போது உள்ளே எதற்கு மண்? வளையின் பின்பக்கம் ஆபத்துக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. மேலே மெல்லிய மண் மூடி, ஒரு முட்டு முட்டினால் திறந்துகொள்ளும். இரண்டு வாசல் இருந்தால் கதவு போட்டு என்ன பயன் என்று வரியன் சொல்ல, அதையும் கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டியாக அடைத்தாள். திரும்பி வந்ததும் குட்டிகளுக்குத் தெரியும்படி காலால் தட்டுகிற வழக்கமும் நின்றுபோனது. கதவுதான் தானே திறக்கிறதே!

ஒரு நாள் நாவல் பழச்சாறு உடம்பெல்லாம் வழிய வந்தாள். எறும்புகள் அவளையே கடித்துவிட்டன. நக்கித் துடைத்துக்கொண்ட பிறகுதான் விட்டன. வரியனிடம் சொல்லிப் பார்த்தாள். கதவு அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்படச் சொன்னான் அவன்.

வரியனுக்கு வாய் சும்மா இருக்காது. காடு முழுக்க இந்தக் கதவின் பெருமைதான் பேச்சு. ஒரு நாள் சாரை அவனைக் கூப்பிட்டு, ரொம்பப் பவ்யமாக ஒரு சந்தேகம் கேட்டான். இது வெள்ளச்சிக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

"தம்பி, நான் போய் மல்லிகைப் புதரில் புரண்டு வந்தால் அந்தக் கதவு திறக்குமா?"

"மல்லிகையில புரண்டாலும் சரி, மகிழம்பூவில புரண்டாலும் சரி. வெள்ளச்சி அக்கா உடம்பு வாசனை வேணும் அண்ணே. அதை எங்கே போய்ப் பிடிப்பே?" என்று வாலைத் தூக்கிச் சிரித்தான் வரியன்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அணில் வாயால் கெட்டது எலியின் வீடு.

ஏனென்றால் அந்த வாசனையைச் சாரை தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளச்சி சுத்தக்காரி. குட்டிகள் படுக்கிற புல் மக்கினால் உடனே வாரி வெளியே போடுவாள். வேரோரத்தில் அந்தப் பழைய புல் ஒரு குவியலாகவே கிடந்தது. அவள் படுத்த புல், குட்டிகளை அணைத்துக்கொண்டு கிடந்த புல். வீட்டின் சாவியைத் தன் கையாலேயே வாசலில் கொட்டி வைத்திருந்தாள். அவள் கொல்லைக்குப் போனதும் சாரை வந்து அந்தக் குவியலுக்குள் சுருண்டு கிடப்பான். பல நாள் கிடந்தான். அவசரப்படவில்லை.

குவியல் நசுங்கிக் கிடந்ததை வெள்ளச்சி ஒரு தடவை பார்த்தாள். பழைய வெள்ளச்சி என்றால் மோந்து, சுற்றிப் பார்த்து, தடம் தேடியிருப்பாள். இவள், ஏதோ காட்டுப்பன்றி புரண்டிருக்கும் என்று போய்விட்டாள். கதவு இருக்கிற தைரியம்.

பிறகு ஒரு நாள் வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் கதிர் நனைந்துவிடும் என்று வெள்ளச்சி கொல்லைக்கு விரைந்தாள். கன்னப்பை இரண்டும் புடைக்கத் தினை நிரப்பித் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? அடித்து ஊற்றியது. மயிர் ஒட்டி, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்து நின்றாள்.

கதவு அசையவில்லை. இலை ஓரத்திலிருந்து முசுறுத் தலைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரது?"

"நான்தான், வெள்ளச்சி. வழி விடுங்க."

"வாசனை இல்லையே."

"மழையில நனைஞ்சிட்டேன். என் குரல் தெரியலையா? தினமும் பார்க்கிற முகம்தானே?"

"குரலும் முகமும் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரி மழைக்கு முன்னாடியே உள்ளே போயாச்சு. நீ யாரு?"

தன் வாசனையோடு வேறு யாரோ உள்ளே போயிருப்பது வெள்ளச்சிக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்த தினையெல்லாம் சேற்றில் கொட்டியது. கதவின் மேல் பாய்ந்தாள். முசுறுகள் கண்ணிலும் மூக்கிலும் உதட்டிலும் கொத்தாகக் கவ்வின. உதறிவிட்டு மறுபடி பாய்ந்தாள். மறுபடியும் கவ்வின. அவை தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன.

பின்பக்கம் ஓடினாள். ஒரு முட்டில் திறக்க வேண்டிய வழி, அவளே அடைத்த அடைப்பில் இறுகிக் கிடந்தது. நகத்தால் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. பல்லால் கல்லைப் பெயர்த்தாள். மழைத் தண்ணீர் இறங்கி மண் இளகியிருந்ததால் கடைசியில் தலை நுழைய வழி கிடைத்தது. உள்ளறைக்குள் விழுந்தாள். பெரிய குட்டிகள் இரண்டும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே போட்டாள்.

பொட்டு அங்கே இல்லை.

சுரங்கத்தில் சாரையின் முதுகு மட்டும் தெரிந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். அவன் தொண்டைக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு. வெள்ளச்சி அவன் வாலைப் பற்றிக் கடித்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போனான். வாசலில் தலைவியின் குரல் கேட்டது.

"வீட்டுக்காரி வெளியே போறாங்க. கதவைத் திறங்க."

கதவு தானே திறந்தது.

மழை விட்டதும் பெரிய குட்டி விக்கி விக்கிச் சொன்னது. கதவு அசைந்ததாம். அம்மா வாசனை வந்ததாம். தம்பி எப்போதும் போல, "அம்மா" என்று ஓடினானாம்.

வெள்ளச்சி அழுத அழுகையைக் கேட்டு வரியன் இறங்கி வந்தான். வாசலில் கிடந்த தினையையும், நசுங்கிய புல்லையும் பார்த்தான். அவனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சாரை தன்னிடம் கேட்டதையும், தான் சிரித்துக்கொண்டு சொன்னதையும் மென்று விழுங்கிச் சொன்னான். ஆனாலும் பழக்க தோஷம், கதவில் குறை இல்லை அக்கா, புல்லை நீதானே வெளியே போட்டாய் என்று இழுத்தான். அடுத்த கதவு வாசனையோடு காலடியும் பார்க்கும் என்றான்.

வெள்ளச்சி கோபப்படவில்லை. கோபப்பட அவளிடம் தெம்பு இல்லை.

"கதவு மேல குறை இல்லை தம்பி. காவலுக்குத்தான் கதவைக் கூப்பிட்டேன். அது வந்ததும் நான் தூங்கப் போயிட்டேன். என் பிள்ளையும் அதையே அம்மான்னு நம்பிட்டுது."

வரியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரம் ஏறினான். அதற்குப் பிறகும் அவன் கதவு விற்கத்தான் செய்தான். ஆனால் பழைய புல்லை மண்ணுக்குள் புதையுங்கள் என்று எல்லோரிடமும் முதலில் சொல்வான். ஏன் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

வெள்ளச்சி கதவைப் பிடுங்கி எறிந்தாளா? இல்லை. இரண்டு குட்டிகளுக்கும் பால் வேண்டுமே, கொல்லைக்குப் போகத்தானே வேண்டும். எறும்புகள் அப்படியே வாசலில் நின்றன. ஆனால் பின்வழி மறுபடி மெல்லிய மண்மூடியோடு திறந்தது. உள்ளறை வாய்க்கு மறுபடி மண் வந்தது. கதவு திறந்தாலும், அம்மா வாசனையே வந்தாலும், காலால் தட்டுகிற சத்தம் கேட்காமல் நகரக் கூடாது என்று குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தினமும் கதவைத் தாண்டி உள்ளே வந்து, உள்ளறை வாயில் நின்று, பின்னங்காலால் தட்டுவாள். உள்ளேயிருந்து இரண்டு குட்டிகள் மண்ணை விலக்கும். கழுத்தில் வந்து முட்ட மூன்றாவதாக ஒன்று இல்லை என்பதை அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்துகொள்வாள்.

கதவு எவ்வளவு கெட்டிக்காரக் கதவாக இருந்தாலும் அதற்கு அடையாளம்தான் தெரியும், ஆளைத் தெரியாது. ஆகவே காவலுக்குக் கதவை வைத்தாலும், விழித்திருக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.