பைன் நின்ற இடம்

"இந்த ஏரிக்கரையில் ஒரு காலத்தில் பைன் காடு இருந்தது என்று எழுதிவிடலாமா?" என்று கேட்டான் குகதாசன்.

"ஏன் எழுத வேண்டும்?" என்றாள் மாரித்.

"சேற்றில் பைன் மகரந்தம் இருக்கிறதே."

"மகரந்தம் இருக்கிறது. மரம் இருந்ததா?"

அவன் பேனாவை மூடி வைத்தான்.

நார்வேயின் வடக்கு ஓரம் அது. முன்பு அந்த நிலம் முழுவதையும் பனிப்பாறை மூடிக் கிடந்தது. அது உருகிப் பின்வாங்கியபோது பள்ளங்களில் ஏரிகள் தங்கின. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஏரியின் அடியில் சேறு படிந்துவருகிறது. அந்தந்த ஆண்டின் மகரந்தமும் அதோடு சேர்ந்து படிகிறது. குழாயை இறக்கி அந்தச் சேற்றை எடுத்தால், எந்தக் காலத்தில் எந்தச் செடி இருந்தது, குளிர் எவ்வளவு இருந்தது என்று சொல்லலாம்.

மாரித்தின் வேலை அதுதான். குகதாசன் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன். தன் ஊரான கொடிகாமத்தில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவன். அவளைவிட மூத்தவன்.

மாரித் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே வசந்தத்தின் கடைசிப் பனி. அவள் குனிந்து ஒரு கை பனியை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

பனி உருகியது. கையில் மெல்லிய மஞ்சள் தூள் தங்கியது.

"இது என்ன?"

அவன் உள்ளே போய் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தான். "பைன்."

மாரித் நான்கு பக்கமும் கையைக் காட்டினாள். வெறும் பாறை. பாசி. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத புதர். ஒரு பைன் மரம்கூடக் கண்ணுக்கு எட்டவில்லை.

"தெற்கிலிருந்து காற்றில் வந்தது" என்றான் குகதாசன் மெதுவாக.

"ஆமாம்."

"அப்படியென்றால் மரம் நின்றது என்று எதை வைத்துச் சொல்வது?"

"ஊசி இலை. அது தூரம் போகாது. மரம் நின்ற இடத்தில்தான் விழும்."

அன்றிலிருந்து அவன் ஊசி இலையைத் தேடினான்.

குழாயில் வந்த சேற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, சல்லடையில் இட்டு, தண்ணீர் விட்டு அலசினான். மிக அடியில் பனிப்பாறை விட்டுப்போன சாம்பல் களிமண். அதில் இலையோ விதையோ இல்லை. அதற்கு மேலே புல். பிறகு தரையோடு படரும் வில்லோச் செடியின் சின்ன இலைகள். பிறகு பிர்ச் மர விதைகள், சிறகோடு.

பைன் மகரந்தம் எல்லா அடுக்கிலும் இருந்தது. ஊசி இலை ஒன்றிலும் இல்லை.

கோடைதோறும் தெற்கே உள்ள வேறு ஏரிகளுக்குப் போனார்கள். குளிர்காலம்தோறும் அவன் சேறு அலசினான். ஊருக்குப் போக எடுத்த பயணச்சீட்டை ஒருமுறை தள்ளிப்போட்டான். மறுமுறையும் தள்ளிப்போட்டான். மனைவி சுகிர்தாவோடும் மகள் கவிஷாவோடும் நாள் தவறாமல் போனில் பேசினான்; அந்த வடக்கு ஓரத்திலிருந்து குரல் மட்டும்தான் போனது. அவன் புறப்படும்போது கவிஷா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஐந்தாவது வசந்தம் வந்தது. ஏரிமேல் பனிக்கட்டி மெலிந்துகொண்டிருந்தது. குழாய் இறக்காத இடம் ஒன்றுதான் பாக்கி. ஓடை வந்து விழும் ஆழமான மூலை.

"இலை இருந்தால் அங்கேதான் இருக்கும்" என்றாள் மாரித். "குழாய் இறக்கப் பனிக்கட்டிமேல்தான் நிற்க வேண்டும். அது இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும்."

அன்று மதியம் சுகிர்தா கூப்பிட்டாள்.

"இந்த மாசமும் வரேலாதோ?"

"ஒரு கிழமை பொறு. இந்த வேலை முடியட்டும்."

"நான் வரச்சொல்லிக் கேக்க எடுக்கேல்லை. பிள்ளை சொன்னதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"என்ன சொன்னவள்?"

"வகுப்பில ரீச்சர் கேட்டவவாம், வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு. அம்மாவும் நானும் எண்டிருக்கிறாள். அப்பா எங்க எண்டு கேக்க, 'அப்பா வாறேல்லை ரீச்சர், அவற்ற சத்தம்தான் வாறது' எண்டு சொன்னவளாம்."

குகதாசன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"கேக்குதோ?" என்றாள் சுகிர்தா.

"ஓம். கேக்குது."

போனை வைத்தான். பிறகு மாரித்திடம் போனான். அவள் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெற்கே உள்ள ஏரிகளில் மகரந்தம் முதலிலேயே வந்துவிட்டது. ஊசி இலை பல நூறு ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது" என்றான்.

"ஆமாம்."

"ஏன் அவ்வளவு தாமதம்? குளிர் குறைந்துவிட்டது. மண் இருந்தது. தண்ணீர் இருந்தது. பைன் வளர என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"பிறகு?"

"ஒரு விதையாவது வந்து அந்த மண்ணில் விழ வேண்டுமே."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"மகரந்தம் எவ்வளவு வந்தாலும்?" என்று கேட்டான்.

"எவ்வளவு வந்தாலும்."

அவன் தலையைக் குனிந்து நின்றான். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றான்.

"தெரியும். உன் போனில் சிரிப்பாளே."

"நான் நாளைக்கே போக வேண்டும்."

மாரித் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "குழாயை நான் இறக்குகிறேன்."

"இலை கிடைத்தால்? அதை முதலில் நான்தான் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு காலமும்..."

"கிடைத்தால் கிடைக்கட்டும். அது அங்கேதான் இருக்கிறது. உன் மகளைப்போல அது வளர்ந்துவிடப்போவதில்லை."

அவன் தங்குமிடத்துக்குப் போய்ப் பையை எடுத்தான்.

மூன்று விமானம், ஒரு ரயில், ஒரு பஸ். கொடிகாமத்தில் இறங்கியபோது நல்ல வெயில். இரு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் நடந்தான். குளிருக்குப் பழகிய உடம்பு வியர்த்து வழிந்தது.

வீட்டு வாசல் படலையைத் திறந்தான். முற்றத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி நின்றாள். வாயில் பாதி மாங்காய்த் துண்டு.

"ஆர் வேணும்?" என்றாள்.

அவன் பையைக் கீழே வைத்தான். "கவிஷா" என்றான்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"கவிஷா. நான்தான்."

அவள் மெதுவாகக் கிட்ட வந்தாள். அவன் காலடியில் நின்று, கழுத்தைப் பின்னால் வளைத்து, மேலே பார்த்தாள்.

"நீங்கள் இவ்வளவு உயரமோ, அப்பா?"