பாஸ் ஓவர், ஐயா

வக்கீல் தொழிலுக்கு நல்ல வாய் வேண்டும் என்பார்கள். அந்த ஊர்க் கோர்ட்டில் நாலு நாள் கிடந்து பார்த்தால் தெரியும், வாயை விடக் காலுக்குத்தான் அங்கே வேலை என்று.

ஒரே நேரத்தில் இரண்டு ஹாலில் கேஸ் வந்துவிடும். ஆள் ஒன்றுதானே? வக்கீல் அங்கே மாட்டிக்கொண்டால், இங்கே உட்கார்ந்திருக்கிற வேறொரு வக்கீல் எழுந்து, "பாஸ் ஓவர், ஐயா" என்பார். ஜட்ஜ் அந்தக் கேஸ் கட்டை அடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் கழித்து எடுப்பார். எழுந்திருக்க ஆள் இல்லையென்றால் தள்ளுபடி.

பெர்சிஸ், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு நாற்பதுக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டியவள். அவளுடைய சீனியர் வடிவாம்பாள் வயதில் இளையவர். அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் தொழிலில் குரு குருதான்.

மத்தியானம் சீனியர் அறைக்குள் நுழைந்ததும் செருப்பை உதறினாள் பெர்சிஸ். குதிகால் வெடிப்பு எரிந்தது.

"இனிமே யாருக்கும் எந்திரிக்க மாட்டேன் மேடம்."

வடிவாம்பாள் டிபன் டப்பாவில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "யாருக்குன்னா?"

"இந்திரகுமாரிக்குத்தான். அவ அடுத்த ஹால்ல ஜம்முனு குறுக்கு விசாரணை நடத்துதா. நான் இங்க அவ கேஸுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருதேன். 'உங்களுக்குன்னு சொந்தமா ஒரு கேஸும் இல்லையாம்மா'ன்னு காலையில ஜட்ஜ் கேக்காரு. எல்லாரும் சிரிக்காங்க. குமாஸ்தாக்கள் எனக்குப் பேரே வச்சாச்சு. பாஸ் ஓவர் அக்கா."

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எனக்கு யாரு நின்னா? ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன். நீங்களும் மகளைக் காலேஜுல சேக்க சென்னைக்குப் போயிட்டிய. இந்த இந்திரகுமாரி ஒரு நாள் வந்து எட்டிப் பாக்கல. ஏதோ கர்த்தர் கிருபை, ஜட்ஜ் நல்லவரு, என் கேஸ் ஒண்ணுகூட விழல."

சாதத்தில் வடிவாம்பாளின் கை கொஞ்சம் நின்றது.

"சரி. எந்திரிக்காதீங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று பெர்சிஸ் நினைக்கவில்லை. ஏனோ அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அசதியில் பெர்சிஸுக்குக் கண் சொருகியது. டவாலி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பேச்சியம்மாள்! பேச்சியம்மாள்!"

இந்திரகுமாரியின் கேஸ். குடியிருக்கிற வீட்டிலிருந்து அண்ணன்மார் தன்னை வெளியேற்றக் கூடாது என்று ஒருத்தி போட்ட வழக்கு. இந்திரகுமாரி அடுத்த ஹாலில் இருந்தாள்.

பெர்சிஸ் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். சீனியரைப் பார்த்தாள்.

"மேடம், நீங்களாவது..."

வடிவாம்பாள் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, முந்தானையில் துடைத்தார்.

பின்னால் ஒரு பெண் எழுந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"இருக்கேன் சாமி."

"வக்கீல் எங்கம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. கறுப்புக் கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் கண் பெர்சிஸிடம் வந்து நின்றது. ஜட்ஜ் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பெர்சிஸ் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"பாஸ் ஓவர், ஐயா."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் கேஸ் கட்டை அடியில் வைத்தார். பேச்சியம்மாள் என்ன நடந்தது என்று புரியாமலே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பெர்சிஸும் உட்கார்ந்தாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

"இன்னைக்கும் நான்தான்" என்றாள் மெல்ல. "எத்தனை வருஷமா பாக்கேன் மேடம். அவ எனக்காக எந்திரிச்சு நான் ஒரு நாள் கண்டதில்ல."

வடிவாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீங்களே ஹால்ல இருக்கிறப்ப, உங்களுக்காக அவ எதுக்குக்கா எந்திரிக்கணும்?"