தொங்கட்டான் வளர்த்த பேய்மிரட்டி

ஒரு ஊர்ல ஒரு பணியாரக்காரி இருந்தா. பேரு மாடத்தி. அவ வீட்டு விட்டத்துல ஒரு பேய் இருந்துச்சு. எப்பவும் தலைகீழாவே கெடக்கும், அதனால அதுக்குத் தொங்கட்டான்னு பேரு. முன்னால ஊர்ப் புளியமரத்துலதான் குடியிருந்துச்சு. ரோடு போடுறோம்னு மரத்தை வெட்டிட்டாங்க. பேய் எங்க போகும், சொல்லு? மாவு வாசனையைப் புடிச்சுக்கிட்டே மாடத்தி வீட்டுக்கு வந்துடுச்சு.

ம்.

வந்தது சும்மா இருந்துச்சா? உச்சி வெயில்ல மாடத்தி அசந்து கண்ணை மூடுனா போதும். மேலேர்ந்து நாக்கை நீட்டி, சளக் சளக்னு பணியார மாவை நக்கும். பேய் எச்சி பட்ட மாவு என்னாகும்? பொங்கிப் புளிச்சு, பொத பொதன்னு பானையை விட்டு வழிஞ்சுடும். அதுல சுட்ட பணியாரத்தை யாரு வாங்குவா? யாவாரம் படுத்துடுச்சு. இப்படியே போனா மாடத்தி வீட்டு அடுப்பும் படுத்துடும்.

அப்புறம் மாடத்தி என்ன செஞ்சா, காட்டோரத்துல தானா முளைச்சுக் கெடந்த ஒரு பேய்மிரட்டிச் செடியை மண்ணோட பெயர்த்துட்டு வந்து, அடுக்களைப் பின்வாசல்ல நட்டுட்டா. ஊதாப் பூ. கன்னுக்குட்டிக் காது மாதிரி மெத்து மெத்துன்னு இலை. பார்க்கச் சாதுதான். ஆனா அந்த வாசனை இருக்கே! காத்து அடிச்சுது, பேய் மூக்குல ஏறுச்சு. அச்ச்! அச்ச்! தும்முன தும்மல்ல பேய் தொப்புன்னு விழுந்து, கடகடன்னு உருண்டு, கிணத்தடியில போய் நின்னுச்சு.

"ஏ மாடத்தி! நியாயமா இது? ஒண்ட வந்தவன் மூக்குல மொளகாப்பொடியத் தூவுறியே!"

"நான் எப்பலே உன்னைக் கூப்பிட்டேன்? நீயா வந்து தொங்குன. நீயா போ."

"எங்க போவேன்?" பேய் மூக்கைத் துடைச்சுக்கிச்சு. "சரி, இந்தச் செடி எப்போ சாகும்? அதையாச்சும் சொல்லு."

மாடத்தி உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டா. "அதுவா? கொண்டையைக் கிள்ளு. பொசுக்குன்னு செத்துடும்."

அப்போ பேய் ரெண்டு மூக்குலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டுக் கிட்ட வந்துச்சு. தண்டைத் தடவிப் பார்த்தா, உருண்டையா இல்ல, நாலு பக்கமும் பட்டை பட்டையா இருக்கு. நறுக்! கொண்டையைக் கிள்ளிப் போட்டுட்டு ஓடிடுச்சு.

செடி செத்துச்சா? எங்க! இலையெல்லாம் எதிரும் புதிருமா சோடி சோடியா இருக்குமில்ல, ஒவ்வொரு இலைக் கக்கத்துலேர்ந்தும் ஒரு கிளை கெளம்பிடுச்சு. ஒத்தைத் தலைச் செடிக்கு இப்போ ஊர்ப்பட்ட தலை.

வேற பேயா இருந்தா, இவ ஏமாத்துறான்னு புரிஞ்சிருக்கும். தொங்கட்டான் அப்படி இல்ல. அது யோசிக்கிற பேய். யோசிச்சு யோசிச்சு, கடைசியில தப்பு தன் மேலதான்னு முடிவு பண்ணும். 'கிள்ளத் தெரியலையோ நமக்கு? நகம் மழுங்கிடுச்சோ? உசுரோட இருந்தப்பவும் எதை உருப்படியாச் செஞ்சோம்?' இப்படிப் புலம்பிக்கிட்டே மறுபடி வந்துச்சு.

"மாடத்தி, நான் சரியாக் கிள்ளல போல."

"அதான! போகட்டும். கிளையை வளைச்சு மண்ணுல புதைச்சுடு. மூச்சு முட்டிச் செத்துடும்."

பேய் வந்துச்சு. இந்தத் தடவை ஒத்தை மூக்குல மட்டும் பஞ்சு. இன்னொரு பஞ்சு கிணத்துல விழுந்துடுச்சு, பாவம். கிளையை வளைச்சு, மண்ணைத் தள்ளி, தொம் தொம்னு மிதிச்சுச்சு. மழைத் தூறல் விழுந்துச்சு. புதைச்ச கணுவுல எல்லாம் வேர் விட்டு, ஒரு செடி ஒரு வரிசையா ஆயிடுச்சு!

தூங்கிட்டியா?

ம்... இல்ல. அப்புறம்?

அப்புறம் பேய் மூணாவது தடவையும் கேட்டுச்சு. மாடத்தி சொன்னா: "பக்கத்துலயே உக்காந்து காவல் இரு. பூவெல்லாம் காஞ்சதும் புடிச்சு உலுக்கு. பயத்துலயே செத்துடும்."

பேய் உக்காந்துச்சு. சும்மா உக்காந்தா பொழுது போகுமா? பூவைப் பார்த்துச்சு. பூவுக்கு மேல் உதடு, கீழ் உதடு. கீழ் உதட்டுல ஒரு தேனீ ர்ர்ர்னு வந்து இறங்கும். தேனை உறிஞ்சக் குனியுறப்ப, மேலேர்ந்து மகரந்தம் அது முதுகுல அப்பிக்கும். தேனீக்குத் தெரியவே தெரியாது! பவுடர் பூசுன முதுகோட அடுத்த பூவுக்குப் பறக்கும். பேய்க்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்ச சிரிப்புல மூக்குப் பஞ்சு எங்கயோ தெறிச்சுடுச்சு. அதைத் தேடணும்னுகூடத் தோணல அதுக்கு.

பூ காஞ்சுது. பேய் உலுக்குச்சு. கல கல கல! ஒவ்வொரு காஞ்ச குப்பியிலேர்ந்தும் நாலு நாலு கறுப்பு விதை. அப்புறம் பெருமழை. வீட்டைச் சுத்தி எங்க கால் வச்சாலும் பேய்மிரட்டி நாத்து!

அப்பதான் பேய்க்குக் கோவம் வந்துச்சு. விடுவிடுன்னு போய்க் கேட்டுச்சு: "மாடத்தி! நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். தப்பு என் மேலயா, உன் மேலயா?"

மாடத்தி கையில பணியாரக் கம்பி அப்படியே நிக்குது. "ஏலே... நீ எங்க நிக்கேன்னு பாரு."

பேய் குனிஞ்சு பார்த்துச்சு. காலடியில மாவுப்பானை. அது நிக்கிறது அடுக்களைக்குள்ள! மூக்கைத் தொட்டுப் பார்த்துச்சு. பஞ்சும் இல்ல, தும்மலும் இல்ல. அந்த வாசனை அதுக்குப் பழகியே போயிடுச்சு.

நக்கிடுச்சா மாவை?

பொறு. நாக்கு நீளமா நீண்டுச்சு. மாடத்தி பானை மேல கவுந்து படுத்துக்கிட்டா. "வேண்டாம்லே! முத ஈடு பணியாரம் உனக்குத்தான். தினமும் தாரேன். நாக்கை மட்டும் உள்ள இழு!"

"சுட்ட பணியாரமா? எனக்கேவா?" இதுவரைக்கும் அதுக்கு யாரும் எதையும் சுட்டுக் குடுத்ததில்ல. "வெல்லம் தூக்கலா?"

"தூக்கலா."

சளக்! நாக்கு உள்ள போயிடுச்சு.

"அப்போ எழுந்து வெளிய வா மாடத்தி. நாத்து நெருக்கமா நிக்குது. கலைச்சு நடணும். களைக்கொத்தை எடு."

"எனக்கே வேலை சொல்லுதியா?"

"மூஞ்சியைத் தூக்காத மாடத்தி. வேர் அறுந்துடாம மண்ணோட அள்ளு. அப்படியில்ல... தள்ளு, தள்ளு, உனக்குச் செடி வளர்க்கவே தெரியல."

பணியாரம் வெந்துச்சு, கதையும் வெந்துச்சு. கண்ணை மூடு.