வரிசையில் ஆறு இடைவெளிகள்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் தூத்துக்குடிக் கப்பல் மாலுமி லெயோன் மச்சாது. கீழ்க்கடல் தீவு ஒன்றில் சரக்கு இறக்கக் காத்திருந்தபோது அவர் கேட்டதாம்.

அந்தத் தீவை ஸ்பெயின் நாட்டு அரசர் ஆண்டுகொண்டிருந்த காலம். தீவின் நடுவே ஒரு காடு. காட்டின் நடுவே ஒரு குளம். குளக்கரையில் இருந்த அத்திமரக் கிளையில், உடைந்த கப்பலிலிருந்து கிடைத்த வெண்கல மணி ஒன்று தொங்கியது.

மனிதர்களின் ஊரில் கோயிலுக்கு ஒரு சாமியாரும் நிர்வாகத்துக்கு ஓர் ஊர்த்தலைவரும் இருப்பதைக் காட்டு விலங்குகள் கண்டன. தங்களுக்கும் அவ்வாறே ஏற்படுத்திக்கொண்டன. மணியோசை கேட்கும் தொலைவு வரைக்கும் ஒரு பங்கு, அதாவது ஒரே சாமியாருக்கு உட்பட்ட வட்டாரம். பங்குச்சாமியார், வெள்ளை நாரையார். பிறப்பையும் இறப்பையும் ஓலையில் எழுதி வைப்பது அவருடைய பொறுப்பு. ஊர்த்தலைவர், தியோகு என்னும் உடும்பு. வரி தண்டுவது அவருடைய பொறுப்பு. ஒன்றைப் பிடித்தால் விடும் வழக்கம் அவருக்கு இல்லை.

கடலுக்கு அப்பால் சிங்கராசா ஒருவர் இருக்கிறார் என்று தியோகு சொல்வார். அவரை யாரும் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் திருநாளன்று தலைக்கு நான்கு வாதுமைக் கொட்டைகள் அவருக்கு வரியாகச் செலுத்த வேண்டும்.

"சிங்கம் கொட்டை தின்னுமா?" என்று அணில் ஒன்று ஒருமுறை கேட்டது.

அந்த ஆண்டு அந்த அணிலுக்கு மட்டும் ஐந்து கொட்டை வரி!

நாற்பது வீடுகளுக்கு ஒருவராக வரி திரட்டிக் கொடுக்கும் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். குளத்தின் தென்கரையில் இருந்த நாற்பது வீடுகளுக்குப் பொறுப்பாளன், கஸ்பார் என்னும் சருகுமான். உருவத்தில் சிறியவன். குரலிலும் சிறியவன். பதவிக்குச் சம்பளம் கிடையாது. திருநாளன்று முன்வரிசையில் உட்காரலாம்; அவ்வளவே. ஆனால் நாற்பது வீட்டு வரியில் ஒரு கொட்டை குறைந்தாலும் அதைப் பொறுப்பாளன்தான் தன் கையிலிருந்து போட வேண்டும்.

ஓர் ஆண்டு கோடையில் பெருமழை கொட்டிக் குளம் உடைத்துக்கொண்டது. தென்கரையில் ஆறு பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். வீடுகளில் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளும் அடித்துக்கொண்டு போயின. கஸ்பார் தன் முன்காலாலேயே ஆறு குழி பறித்து, ஆறு பேரையும் கரையோரம் அடக்கம் செய்தான். பிறகு நாரையாரிடம் போனான்.

"சாமி! என் நாற்பது வீட்டில் ஆறு பேரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இறப்பேட்டில் எழுதிவிடுங்கள்."

நாரையார் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்: "மணி அடித்தார்களா, மகனே?"

"இல்லை, சாமி."

"மணி அடிக்காமல் அடக்கமா? அடக்கம் இல்லாமல் இறப்பா? ஒருவருக்கு மணி அடிக்கப் பத்துக் கொட்டை. கட்டிவிடு, எழுதிவிடுகிறேன்."

"கட்டுவதற்கு யாரிடமும் ஒரு ஓடுகூட மிஞ்சவில்லையே, சாமி!"

"பாவம்! முடிந்தபோது கட்டட்டும். ஆனால் காலம் தாழ்த்தினால் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிக்கும்."

பக்கத்தில் கோயில்பிள்ளை ஓணான் நின்றுகொண்டிருந்தான். மணி அடிப்பதும் ஏடு சுமப்பதும் அவன் வேலை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவது அவன் இயல்பு. அன்றும் ஆட்டினான்.

கஸ்பார் அங்கிருந்து தியோகுவிடம் ஓடினான்.

"தலைவரே! ஆறு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் வரியைத் தள்ளிவிடுங்கள்."

"நாரையார் ஏட்டில் எழுதியிருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் உயிரோடு இருக்கிறார்கள்!"

"நானே குழி பறித்தேன், தலைவரே!"

"நீ பறித்ததை நான் பார்க்கவில்லை. என் பட்டியலில் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான். ஆள் இருந்தால் வரி இருக்கிறது."

"வரி கட்ட அவர்கள் எங்கே வருவார்கள்?"

"வராதவனுக்காக நீ கட்டு! பொறுப்பாளன் என்று முன்வரிசையில் உட்காருகிறாய் அல்லவா?"

கஸ்பார் கட்டினான். அடுத்த ஆண்டும் கட்டினான். மூன்றாம் ஆண்டும் கட்டினான். அதற்குள் மணிக் கட்டணம் பத்திலிருந்து இருபதாகி, இருபதிலிருந்து நாற்பதாகிவிட்டது. ஆறு பேருக்கும் மணி அடிக்க அவன் ஆயுள் முழுவதும் கொட்டை பொறுக்கினாலும் போதாது.

நான்காம் ஆண்டுத் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கஸ்பாரின் பொந்தில் கொட்டையே இல்லை. தியோகு நேரிலேயே வந்தார். கஸ்பாருக்குச் சொந்தமான ஒரே வாதுமை மரத்தை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"நல்ல மரம்! திருநாளன்று வரி குறைந்தால் இது சிங்கராசாவுக்குச் சேர்ந்துவிடும்," என்று சொல்லிவிட்டு வாலை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மரத்தின் வேர்ப்பொந்துதான் கஸ்பாரின் வீடு. உள்ளே அவனுடைய இரண்டு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. கஸ்பார் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது முள்ளெலி பிரகாசியம்மாள் வந்தாள். வெள்ளத்தில் மாண்ட ஆறு பேரில் ஒருவனான லாசரின் மனைவி அவள்.

"அண்ணே, உடும்பு வந்துபோனதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயருக்கும் சேர்த்து நீங்கள் கட்டுகிறீர்கள். எனக்கு முகத்தைக் காட்டவே கூச்சமாக இருக்கிறது. இந்தாருங்கள், நான்கு கொட்டை."

"வைத்துக்கொள், தங்கச்சி. நான்கு கொட்டையால் இந்த மரம் தப்பாது."

பிரகாசியம்மாள் தயங்கினாள். பிறகு முட்களுக்கிடையே செருகியிருந்த மூன்று காய்ந்த இலைகளை எடுத்தாள்.

"இதையும் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தேன். தவக்காலத்தில் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்குச் சாமி இலைச்சீட்டு கொடுப்பார் அல்லவா? எனக்குக் கொடுக்கும்போதெல்லாம் ஓணான் இன்னொரு சீட்டும் சேர்த்துக் கொடுக்கிறான். 'லாசர், பாவசங்கீர்த்தனம் செய்தான்' என்று எழுதியிருக்கிறது. மூன்று ஆண்டுக்கும் மூன்று சீட்டு! தப்பு என்று தெரிகிறது, அண்ணே. ஆனாலும் அவர் பெயர் எழுதியிருக்கிறதே. எறிய மனம் வரவில்லை."

கஸ்பார் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அவன் காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

"பத்திரமாக வைத்துக்கொள், தங்கச்சி! திருநாளன்று கொண்டு வா."

அந்த ஆண்டுத் திருநாளுக்கு மேலிடத்து விசாரணையாளர் வருவதாகச் செய்தி வந்திருந்தது. பெரிய கூழைக்கடா ஒருவர். பங்குகளின் ஏடுகளையும் ஊர்களின் வரிப் பட்டியல்களையும் சரிபார்ப்பதற்காகத் தீவு தீவாகப் பறப்பவர். எல்லா ஏடுகளும் அவருடைய அலகின் கீழ்ப்பையிலேயே இருக்கும். வேண்டியதை எடுப்பார், படிப்பார், மறுபடியும் பைக்குள் போட்டுக்கொள்வார்.

திருநாள் காலையில் ஒவ்வொரு பொறுப்பாளனும் தன் ஆட்களை மணியின் கீழ் வரிசையாக நிறுத்தினான். கஸ்பார் தன் ஆட்களிடம் ஒன்றே ஒன்று சொன்னான்:

"வெள்ளத்துக்கு முன்னால் எப்படி நின்றோமோ அப்படியே நில்லுங்கள். அடுத்தவர் இடத்தில் யாரும் நிற்க வேண்டாம்."

அவ்வாறே நின்றார்கள். வரிசையில் ஆறு இடங்கள் காலியாக இருந்தன.

தியோகு பதறிக்கொண்டு வந்தார். "இடைவெளியை மூடு! நெருங்கி நிற்கச் சொல்!" என்று சீறினார்.

"எப்படி நெருங்குவது, தலைவரே? இங்கே லாசர் நிற்கிறான். மிதித்துவிடக் கூடாதே!" என்றான் கஸ்பார்.

தியோகு வாயைத் திறப்பதற்குள் கூழைக்கடா வந்துவிட்டார்.

"இது என்ன, பல் விழுந்த வாய் போல ஒரு வரிசை?" என்று கேட்டார். பைக்குள் அலகை விட்டு ஓர் ஏட்டை எடுத்தார். "லாசர், முள்ளெலி. வரி பாக்கி இல்லை. இந்த ஆண்டு பாவசங்கீர்த்தனமும் செய்திருக்கிறான். நல்ல பிள்ளை! எங்கே அவன்?"

"அந்த ஏட்டின்படி பார்த்தால், இதோ, என் வலப்பக்கம் நிற்கிறான், ஆண்டகையே."

கூழைக்கடா நீண்ட அலகைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தார். "என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லையே!"

"என் கண்ணுக்கும்தான், ஆண்டகையே. மூன்று ஆண்டுகளாகத் தெரியவில்லை. ஆனால் வரியை மட்டும் தவறாமல் என் கையால் கட்டுகிறான்."

அணில்கள் சிரித்தன.  கஸ்பார் இடம்விட்டு அசையவில்லை.

கூழைக்கடா நாரையாரிடம் திரும்பினார். "இவனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் நீர்தாமே? என்ன சொன்னான்?"

நாரையார் காலை மாற்றி நின்றார். "அது... பாவசங்கீர்த்தன இரகசியம், ஆண்டகையே! வெளியே சொல்லலாகாது!"

இம்முறை குளத்துத் தவளைகள்கூடச் சிரித்தன. அந்தச் சிரிப்பின் நடுவே பிரகாசியம்மாள் மூன்று இலைகளையும் ஏந்திக்கொண்டு முன்னே வந்தாள்.

"சாமி, இரகசியத்தை நான் கேட்கவில்லை. என்னோடு ஒரு வார்த்தையும் பேசாதவர் உங்களோடு மூன்று முறை பேசியிருக்கிறார். அவர் எந்த வழியாக வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று மட்டும் சொல்லுங்கள். நானும் போய் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நாரையாரின் நீண்ட கழுத்து மெல்ல மடங்கியது.

"அவன் இறந்துவிட்டான்," என்றார்.

"எப்போது?"

"வெள்ளத்தில்."

"ஏட்டில் ஏன் எழுதவில்லை?"

"மணிக் கட்டணம் வரவில்லை, ஆண்டகையே."

"அப்படியானால் இந்தச் சீட்டுகள்?"

"ஊர்த்தலைவர் பட்டியலில் எத்தனை பெயர்களோ, அத்தனை சீட்டுகள் எழுதுவது வழக்கம்."

"என் மேல் பழியா!" என்று தியோகு குறுக்கிட்டார். "சாமியின் ஏட்டில் இறப்பு இல்லாதபோது பெயரை நான் எப்படி அடிப்பேன்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். ஓணான் இருவருக்கும் தலையை ஆட்டினான்.

"நீர் அவரைப் பார்த்து எழுதினீர். அவர் உம்மைப் பார்த்து எழுதினார். குளக்கரையை இருவருமே பார்க்கவில்லை!" என்றார் கூழைக்கடா. பிறகு பையின் அடியிலிருந்து இன்னோர் ஓலையை எடுத்தார். "இது சிங்கராசாவின் கிடங்கு ஓலை. உம் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு தலை. கிடங்குக்கு வந்தது இருநூற்றாறு தலைக்கான வரி. மூன்று ஆண்டும் அப்படியே. அந்த ஆறு தலை வரி எங்கே, தியோகு?"

தியோகுவின் வால் சுருண்டது. அவருடைய பொந்து எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு ஆழம் என்பது அன்றுதான் தெரிந்தது.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பட்டியலிலிருந்து ஆறு பெயர்களும் நீக்கப்பட வேண்டும். கஸ்பார் கட்டியதைத் தியோகு திருப்பித் தர வேண்டும். வாதுமை மரத்தை யாரும் தொடக் கூடாது. ஏழைகளின் அடக்கத்துக்கு இனி மணிக் கட்டணம் இல்லை.

"இப்போது மணியை அடியுங்கள்," என்றார் கூழைக்கடா. "நாரையாரே, நீர் எழுதும்."

ஓணான் கயிற்றை இழுத்தான். முதல் ஓசை குளத்தின் மேல் பரவித் தென்கரைக்குப் போயிற்று. நாரையார் ஒரு பெயரை எழுதினார். வரிசையில் ஒரு காலியிடத்தின் இருபுறமும் நின்றவர்கள் ஓர் அடி நகர்ந்து அதை மூடினார்கள். இப்படி ஐந்து ஓசைகள், ஐந்து பெயர்கள். ஆறாவது ஓசை லாசருக்கு. அந்த இடத்தை மற்றவர்கள் மூடவில்லை. பிரகாசியம்மாளே போய் அதில் நின்றாள். மூன்று இலைகளையும் குளத்துநீரில் விட்டாள்.

திருப்பித் தருவதில் தியோகு தன் பிடியை எளிதில் விடவில்லை. முதல் நாள் நாற்பது கொட்டை அனுப்பினார். மறுநாள் முழுவதும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஓணானின் முதுகில் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். கஸ்பார் மூட்டையை அவிழ்த்து எண்ணினான். முப்பத்தொன்று.

"முடிந்தது! கணக்குத் தீர்ந்தது என்று சொல்," என்றார் தியோகு.

"ஆறு பேர். தலைக்கு நான்கு. மூன்று ஆண்டு. எவ்வளவு, தலைவரே?"

"ஒரு கொட்டைக்காக என்னை நிறுத்தி வைக்கிறாயா?"

"ஒரு கொட்டை குறைந்தாலும் என் வீட்டையே எடுக்க இருந்தீர்களே! நான் உங்களை நிறுத்தி மட்டும்தான் வைத்திருக்கிறேன்."

தியோகு ஓணானைப் பார்த்தார். ஓணான் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தலையை ஆட்டவில்லை. வாய்க்குள்ளிருந்து கொட்டை ஒன்றை மெல்ல எடுத்து மூட்டையில் வைத்தான்.

"சுமைகூலி என்று நினைத்தேன்," என்றான்.

தான் கண்ணால் கண்ட உண்மையை, ஏட்டில் இல்லை என்ற காரணத்துக்காகக் கைவிடாமல் பலர் முன்னிலையில் நிறுத்திக்காட்டுபவனே தன் மக்களுக்குக் காவலன் ஆகிறான். அவ்வாறு நிறுத்திக்காட்டிய கஸ்பாருக்குத் திரும்பி வந்த வாதுமைக் கொட்டைகள், பல் பட்ட அந்த ஒன்றையும் சேர்த்து, எழுபத்திரண்டு.