சொக்கிக்குக் கொடுத்த எட்டு மாத்திரை

ஆண்டவன் அறிவைப் பங்கிட்டுக் கொடுத்த அன்று மந்திப்பாளையத்துக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வது அபாண்டம். அவர்கள் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றார்கள். அது மீசை கொடுக்கிற வரிசை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த ஊரில் இன்றுவரை மீசைக்குப் பஞ்சமில்லை.

ஊரில் மொத்தம் பன்னிரண்டு வீடு. ஊருக்குள் எது வந்தாலும் பன்னிரண்டு கூறு போட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கோயில் நோம்பிக்கு வெட்டுகிற கிடாய்க்காக எப்போதோ வைத்த சட்டம்தான். ஆனால் சட்டம் சட்டம்தானே? ஒரு வருஷம் உரக்கடைக்காரர் ஊருக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு மாதமாகக் கிழித்துக்கொண்டார்கள். மாரப்பன் வீட்டுக்கு ஆடி வந்தது. அந்தச் சுவரில் இன்னும் ஆடிதான் தொங்குகிறது. ஆவணி பிறந்ததும் பையனுக்குப் பெண் பார்க்கலாம் என்று ஏழு வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில்தான் சென்னியப்பன் இருந்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் சொக்கி என்கிற செவலைப் பெட்டை நாய். அவர் ஒரு வாய் சாப்பிட்டால் அவளுக்கு ஒரு வாய். அவளிடம் ஒரே ஒரு குறைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடுவாள், போட்டால் ஏழுக்குக் குறையாது.

குட்டிகளின் தொல்லை பொறுக்காமல் கடைசியில் ஊர் கூடியது. தலைவர் பொங்கியண்ணன், ஊரிலேயே நீளமான மீசைக்காரர், தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு தடவை சொக்கி குட்டி போட்டா, அவளை லாரியில ஏத்தி மலைக்கு அந்தப் பக்கம் விட்டுப்போடறது. இதுல மாத்தமே இல்லை."

அன்று சென்னியப்பன் தன் பங்குச் சோற்றையும் சொக்கிக்கே வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், சொக்கிக்குப் பருவம் தொடங்குகிற அடையாளம் தெரிந்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் சென்னியப்பன் சொக்கிக்கு முன்னால் மயங்கி விழுந்தார். அவருக்குத் தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, டாக்டரம்மா எட்டு மாத்திரை கொடுத்தார்.

"பருவத்துக்கு வான்னு தலையிலிருந்து வயித்துக்கு ஒரு சேதி போகுங்க. ரத்தத்துல கலந்து போற ஹார்மோன்தான் அந்தச் சேதி. இந்த மாத்திரை அதை நிறுத்திடும். இன்னைக்கே ஆரம்பிங்க. தினம் ஒண்ணு, எட்டு நாளைக்கு விடாம குடுங்க. ஆண் நாய் எதையும் கிட்ட சேர்க்காதீங்க. நல்ல காவல் போடுங்க."

சென்னியப்பன் இதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு சொல் தவறவில்லை. ஆனால் ஊர் எல்லையிலேயே பொங்கியண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"கையில என்னங்க?"

"மாத்திரைங்க. சொக்கிக்கு."

"ஊருக்குள்ள வந்துருச்சல்லோ? கூறு போடுங்க."

"இது நாய்க்குக் குடுக்கறதுங்க!"

"கிடாய்க்கறி மட்டும் என்ன, கிடாய்க்கா குடுக்கறோம்?" என்றார் பொங்கியண்ணன். சென்னியப்பன் மாத்திரையை எடுத்து நீட்டினார்.

எட்டு மாத்திரையையும் உரலில் இடித்துப் பன்னிரண்டு பொட்டலம் கட்டினார்கள். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று அவரவர் வீட்டு ஜீவன்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் எருமைக்கு, ஒருவர் வெள்ளாட்டுக்கு. மாரப்பன் தன் சேவலுக்குக் கொடுத்தார். சென்னியப்பனுக்கு வந்த கூறில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அதைச் சோற்றில் கலந்து சொக்கிக்கு ஊட்டினார்.

"மருந்து பத்தாதுங்க. சேதி வயித்துக்குப் போயிருமுங்க," என்று கண்கலங்கினார்.

நாச்சிமுத்து முன்னால் வந்தார். ஒரு தடவை கோயமுத்தூர் போய்த் திரும்பி வந்தவர் என்பதால் அவருக்கு ஊரில் விஞ்ஞானி என்று பேர். "தலையிலிருந்து வயித்துக்குப் போகோணும்னா எந்த வழியாப் போகோணும்?"

ஊர் நெடுநேரம் யோசித்தது. "கழுத்து வழியா," என்றார் ஒருவர்.

"அப்ப கழுத்தை மறிச்சாப் போச்சு!"

சொக்கியின் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார்கள். இறுக்கிக் கட்டப் போனபோது சென்னியப்பன் விடவில்லை. அதனால் முடிச்சுக்குப் பக்கத்தில், 'சேதி போகக் கூடாது, மீறினால் அபராதம்' என்று சீட்டு எழுதிக் கோத்துவிட்டார்கள்.

அடுத்தது காவல். சொக்கியை ஊர்க் கிடங்கில் அடைத்தார்கள். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். யாரை உள்ளே காவல் வைப்பது என்பதில்தான் சிக்கல். பெண்கள், எங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று போய்விட்டார்கள். ஆண்கள் எல்லோரும் தூங்குகிறவர்கள். தூங்காத ஆள் ஊரில் ஒரே ஒருவர்தான்.

அவர் நாச்சிமுத்துவின் நாய். கன்றுக்குட்டி உயரம் இருப்பார். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தால் சாப்பிடாமல் எழுந்திருக்க மாட்டார் என்பதால், அந்தக் காலத்தில் வரி வசூலிக்க வந்த அதிகாரியை நினைத்து, மணியகாரர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவரைக் கண்டால் ஊரில் எந்த நாயும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும்.

"ஏனுங்க, மணியகாரரும் ஆண் நாய்தானுங்களே?" என்று மெதுவாகக் கேட்டார் சென்னியப்பன்.

கூட்டம் அவரைக் கோபமாகப் பார்த்தது.

"பொறுப்புல இருக்கறவரைப் பொறுப்பைத்தான் பாக்கோணும்," என்றார் பொங்கியண்ணன். "அவரையும் நாய்னு பாத்தா, அப்பறம் ஊர்ல யாரையுமே நம்ப முடியாது."

சென்னியப்பனுக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை மீசை ஒரு பக்கமாக நிற்கும்போது நாம் ஒருத்தர் எதிரே நிற்பது மரியாதையா என்று தானும் அந்தப் பக்கமே போய் நின்றுகொண்டார்.

மணியகாரர் உள்ளே போனார். பதினைந்து நாள் பூட்டு திறக்கவில்லை. சோறும் தண்ணீரும் ஜன்னல் வழியாகப் போயிற்று. அவ்வப்போது எட்டிப் பார்த்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்கள். மணியகாரர் சொக்கியை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. கடமை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று, கதவு திறந்த அன்று அவர் கழுத்தில் மாலை போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மருந்தின் பலனை விசாரிக்க ஊர் கூடியது. முதலில் மாரப்பன் எழுந்தார்.

"என்ற சேவல் இதுவரைக்கும் ஒரு முட்டைகூட வெக்கலீங்க."

"முன்னால வெச்சுட்டு இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"முன்னாலயும் இல்லீங்க. மருந்து வாங்கறதுக்கு முந்தியே வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு!"

எல்லோரும் கை தட்டினார்கள். தன் காளைமாடு கன்று போடவில்லை என்று இன்னொருவர் சொன்னதும் கைதட்டல் இன்னும் பலமாயிற்று. சென்னியப்பன் மட்டும் கை தட்டவில்லை. சொக்கியின் வயிறு நாளுக்கு நாள் பருத்து வருவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு மாதம் சொக்கி ஒன்பது குட்டி போட்டாள். ஒன்பதும் மணியகாரரை உரித்து வைத்தாற்போல் இருந்தன.

"பாருங்க, காவல்காரர் மேல அதுகளுக்கு எத்தனை மரியாதை!" என்றார் நாச்சிமுத்து.

ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். லாரி வந்து நின்றது. சென்னியப்பன் சொக்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவளை ஏத்தினா என்னையும் ஏத்துங்க," என்றார். நாலு பேர் அவர் கையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாரப்பன் கை தூக்கினார்.

"ஊருக்குள்ள ஒம்பது குட்டி வந்துருக்குதே. கூறு போட்டாச்சுங்களா?"

"குட்டிக வேண்டாம்னுதானே தீர்ப்பே சொன்னோம்?" என்றார் பொங்கியண்ணன்.

"வேண்டாததா இருந்தா என்னங்க? பங்கு பங்குதானே?"

லாரி ஓரமாக நின்றது. ஒன்பது குட்டி, பன்னிரண்டு வீடு. காலண்டரைச் செய்த மாதிரி செய்துவிடலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். சென்னியப்பன் லாரிக்காரரின் இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு குட்டிகளுக்கு முன்னால் நின்றார். அத்தனை மீசைக்கும் எதிரே அவர் நின்றது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். யோசனை உடனே வாபஸ் ஆயிற்று.

பொழுது சாய்கிற மட்டும் பேசிப் புதுத் தீர்ப்பு சொன்னார்கள். மூன்று வீட்டுக்குப் பங்கு வர வேண்டியிருக்கிறது. அது வந்து சேராமல் சொக்கி ஊரை விட்டுப் போகக் கூடாது. லாரி காலியாகத் திரும்பியது.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் சென்னியப்பன் நின்றார். நடந்தது அத்தனையையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, இப்ப என்னதான் வேணும்?"

"அந்தச் சேதியை மறுபடி அனுப்பற மாத்திரை வேணுமுங்க. மூணே மூணு குட்டி. நாலாவது வந்தா மறுபடியும் பன்னெண்டு பங்கு வெக்கோணும்."

"எண்ணிக்கை சொல்லிக் குட்டி போட வைக்க மாத்திரை ஏதுங்க? மூணுக்கு மேல வந்தா யார் தடுப்பா?"

சென்னியப்பன் தைரியமாகச் சிரித்தார்.

"அதைப் பத்தி நீங்க விசாரப்படாதீங்க டாக்டரம்மா. இந்தத் தடவையும் காவலுக்கு மணியகாரரையே வெச்சுருக்கோம். நேத்தே உள்ள போயிட்டாருங்க."