துணைக்கால்

“ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க, டீச்சர்” என்றார் தணிகாசலம்.

அவருக்கு அறுபத்தொரு வயது. டீச்சர் செண்பகாவுக்கு முப்பத்தேழு. வேலை கற்றுக்கொடுத்தவர்தான் டீச்சர்; அதில் வயதுக்கு என்ன வேலை?

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை இன்றைய கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைச் செண்பகா எழுதினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் தணிகாசலத்திடம் ஒப்படைத்துவிட்டு, துறையூரில் மாவு மில் போட்டுக்கொண்டார். அந்த மில்லுக்குத்தான் தணிகாசலம் இப்போது வந்திருக்கிறார்.

இன்று நூலகங்களும் மருத்துவமனைகளும் அதை நம்பி ஓடுகின்றன. சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்வது தணிகாசலம் ஒருவர்தான். நன்றி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் இன்னும் சரியாகவில்லை என்று அதட்டுகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

“கண்ணு போயிட்டிருக்கு, டீச்சர். இன்னும் ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வாரம் ஒரு தப்பு என் கண்ணுல படலை. ஒரு ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டுல ‘அரை மாத்திரை’யில இருந்த ‘அரை’ காணாமப் போச்சு. நர்ஸ் கவனிச்சதால அந்த ஆள் பிழைச்சாரு.”

செண்பகா மில்லை நிறுத்தினார்.

“எனக்கப்புறம் பார்த்துக்க ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க.”

“லேப்டாப்பைத் திறங்க. திருத்தம் அனுப்பினவங்க பேரைப் படிங்க.”

“அதான் யாருமே...”

“நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதைப் படிங்க, சார்.”

தணிகாசலம் திரையில் மூக்கு முட்டும்படி குனிந்தார்.

“ஜெஸிந்தா. துணைக்கால் போடவேண்டிய ஏழு இடத்துல ‘ர’ போட்டிருந்தா. வேண்டாம்னுட்டேன்.”

துணைக்காலும் ‘ர’வும் பார்வைக்கு ஒன்றுதான். தமிழில் அடிக்கிற எல்லோரும் சறுக்குகிற இடம் இது. கண் நன்றாக இருந்தவரை தணிகாசலம் மட்டும் சறுக்கியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. செண்பகாவுக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

“சொல்லிக் குடுத்தீங்களா?”

“சொல்லிக் குடுக்க ஒரு மணி நேரம். நானே போட்டா பத்து நிமிஷம்.”

“அடுத்தது.”

“மதார்ஷா. அதே தப்பு. நானே போட்டுட்டேன்.”

“அடுத்தது.”

“கனகசபை. நானே.”

முப்பத்து நான்கு பேர். பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

“தப்பு உள்ள போயிடக் கூடாதேன்னுதானே, டீச்சர்?”

“உங்க முதல் திருத்தத்துல பதினோரு தப்பு இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு தப்புன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.”

தணிகாசலம் அதை மறந்தே போயிருந்தார். வெட்கமாக இருந்தது. மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முப்பத்து நான்கு பேருக்கும் எழுதினார். மன்னிப்புக் கேட்டார். வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

சாயங்காலத்துக்குள் நான்கு பதில்கள் வந்தன. மூன்று பேருக்கு நேரமில்லை.

நான்காவது ஜெஸிந்தாவிடமிருந்து. தணிகாசலத்துக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“இங்கிலீஷ்லயா எழுதியிருக்கா?”

“இல்லை. தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கு.”

“படிங்க.”

செண்பகா படித்தார். “‘ஐயா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரையாவது கேளுங்கள். எனக்கு இது வராது.’”

“தமிழுக்குன்னு வந்த பொண்ணு. ஏன் இப்படி இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறா?”

செண்பகா மில்லை ஓட்டப் போனவர் நின்றார்.

“அதுக்கும் கீழ எழுதியிருக்கா, சார். தமிழ்ல அடிச்சா தப்பு வந்துடுமாம்.”