மூக்கையன் பிடித்த திருடன்

கடற்கரை நகரம் ஒன்றில், தெருவுக்கு அடியில் ஓடிய பழைய பாதாளச் சாக்கடையில் மூக்கையன் என்ற பெருச்சாளி குடியிருந்தான். குழாயின் ஓரத்தில் சற்று உயரமாக ஒரு செங்கல் திட்டு இருந்தது. அதில்தான் அவன் மனைவி அஞ்சலை, கண் திறக்காத குட்டிகளோடு படுத்திருந்தாள்.

மூக்கையனுக்குத் தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. யார் வந்தாலும் மோந்து பார்ப்பான். எல்லாரிடமும் திருட்டு வாடை அடிக்கும். கரப்பான்பூச்சி கும்பிட்டால், "இவன் எதுக்குக் கும்பிடறான்?" என்று யோசிப்பான். கும்பிடாமல் போனால் அதற்கும் யோசிப்பான்.

அது நல்ல கோடை. பொட்டு மழை இல்லை. மேலே தெருக்குழாயில் குடங்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. ஆனால் கீழே சாக்கடையில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது!

"யாரோ தண்ணி ஊத்தறாங்க! நம்மள கெளப்பிட்டு இந்தத் திட்டைப் புடிக்கப் பாக்கறாங்க!" என்று மூக்கையன் கத்தினான். தெருவின் இரும்பு மூடிக்கு அடியில் போய்க் காவல் உட்கார்ந்தான். மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீரோ ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது சேற்றிலிருந்து ஒரு விலாங்கு மீன் தலையை நீட்டியது. முதுகு நனையத் தண்ணீர் போதாமல் கோடை முழுக்க நெளிந்துகொண்டிருந்த மீன் அது.

"அண்ணாத்தே! நீங்க மேல பாத்துக்குனு கீறீங்க, திருடன் கீழ கீறான்! அந்த நண்டு தேசிங்கு செவுத்துல மண்ணு பூசறான். எதையும் ஒளிக்காதவன் எதுக்கு மண்ணு பூசணும்?"

மூக்கையன் பாய்ந்து போனான். விலாங்கு சொன்னது மெய்தான். குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் காரை உதிர்ந்து பெரிய விரிசல் விட்டிருந்தது. தேசிங்கு சேற்றை உருட்டி உருட்டி அதில் அடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய்! உள்ள இன்னாடா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லண்ணே! தண்ணி இது வழியாத்தான் வருது. கொழா பழசாப்போச்சு. சுத்தி மண்ணுல ஊத்துத் தண்ணி. கடல் ஏறுனா அதுவும் ஏறும். நாளைக்குப் பௌர்ணமி, கடல் பொங்கும். அதுக்குள்ள அடைச்சாகணும்!"

"ஊர்ல குடிக்கவே தண்ணி இல்ல, மண்ணுக்குள்ள ஊத்தாம்! யாருக்குடா காது குத்தற?"

"வாயில வெச்சுப் பாருண்ணே, உப்புக் கரிக்கும்! வீட்டுல ஊத்தற தண்ணி கரிக்குமா?"

"வெஷம் கலந்திருப்ப! நான் குடிச்சு சாவணும், நீ திட்டுல குடித்தனம் பண்ணணும், அதானே?"

"யோவ், ஒரு வாய் வெச்சுதான் பாரேன்! அவன் நமக்கு இன்னா கெடுதி பண்ணான்?" என்றாள் அஞ்சலை.

மூக்கையன் மனைவியையும் ஒருமுறை மோந்து பார்த்தான். "நீ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சு பேசற?"

அஞ்சலைக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கையன் நண்டைக் கடித்துக் குதறி வெளியே துரத்தினான். போகிற போக்கில் தேசிங்கு, "அந்த மண்ணுல மட்டும் கைய வெக்காதண்ணே!" என்று கெஞ்சிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினான்.

அந்த ஒரு வார்த்தை போதாதா மூக்கையனுக்கு? மறுநாள் காலையில் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். உள்ளே இருப்பது கருவாடா, அரிசியா? பறிக்கப் பறிக்கக் கறுப்பு ஈரமண்தான் வந்தது. "இன்னும் ஆழத்துல வெச்சிருக்கான் களவாணிப் பய!" என்று விரிசல் முழுவதையும் சுத்தமாகத் தோண்டி எடுத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கடல் பொங்கியது. விரிசல் முதலில் கசிந்தது, பிறகு பீய்ச்சி அடித்தது. மூக்கையன் முதுகைக் கொடுத்து அடைத்துப் பார்த்தான். தண்ணீர் அவனைப் புரட்டித் தள்ளியது. வாய் நிறையத் தண்ணீர் புகுந்தது. உப்புக் கரித்தது!

"தேசிங்கு! டேய் தேசிங்கு!" என்று அலறினான். யார் வருவார்? தேசிங்கு கரையில் தன் வளையை உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொண்டு பத்திரமாக இருந்தான்.

அஞ்சலை குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, தெரு மூடிக்குப் போகும் இரும்புப் படிகளில் ஏறினாள். கடைசிக் குட்டியை எடுக்கத் திரும்பியபோது திட்டைக் காணவில்லை. குட்டியையும் காணவில்லை. திட்டு இருந்த இடத்துக்கு மேலே விலாங்கு ஒய்யாரமாக வளைய வந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான், அண்ணாத்தே, என் முதுகு நனையுது!" என்றது அது.

படியில் தொங்கியபடி அஞ்சலை தேம்பினாள். "ஊரையே மோந்து பாத்தியே, பாவி! இந்த விலாங்கை ஒரே ஒரு தடவை மோந்து பாத்தியா?"

மூக்கையன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே படியைப் பற்றி ஏறினான்.

எல்லாரையும் சந்தேகப்படுகிறவன், தன் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறவனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, உள்ளதையும் பறிகொடுப்பான்.